கொச்சி யூதரும் போலந்து யூதரும் பங்காளிகளா?

கேட்டவர் நீளமாக எழுதியிருந்தார். மற்றவர்களுக்காகச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். குழாயில் எச்சில் துப்பி அனுப்புகிற டி.என்.ஏ. சோதனை ஒன்றில் அவருக்கு ‘அஷ்கெனாசி யூதர் 1 சதவீதம்’ என்று வந்திருக்கிறது. அஷ்கெனாசி என்றால் ஜெர்மனி, போலந்து பக்கத்து ஐரோப்பிய யூதர். அவருடைய கொள்ளுத்தாத்தா கொச்சியில் ஒரு மிளகு மண்டியில் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். ஆகவே இது கொச்சி யூதர் வழியாக வந்த சொந்தமாக இருக்குமோ என்று வீட்டில் பேச்சு. கூடவே இன்னும் இரண்டு கேள்விகள். கொச்சியில் இருந்தவர்கள் நம்மைப் போல இருக்கிறார்கள், போலந்திலிருந்து வந்தவர்கள் வெள்ளைக்காரர் போல இருக்கிறார்கள், எத்தியோப்பியாவிலிருந்து வந்தவர்கள் ஆப்பிரிக்கராக இருக்கிறார்கள்; எல்லோரும் ஒரே வம்சம் என்பது எப்படி? ஐரோப்பிய யூதர்கள் எல்லாம் கஸார் என்ற துருக்கிய இனத்தார், மதம் மாறியவர்கள் என்று நண்பர் சொல்கிறாரே, அது உண்மையா? மூன்று கேள்விகள் மாதிரி தெரிந்தாலும் அடியில் இருப்பது ஒன்றுதான். யூதர் என்ற ஒரு பெயருக்குக் கீழே ரத்த உறவு இருக்கிறதா, இருந்தால் அது என்ன முறை உறவு?

பதினெட்டு வருடமாக என் பிழைப்பு மரபணுத் தரவுகளைப் படிப்பது. அதில் பெரும்பகுதி இந்தியச் சமூகங்களின் தரவு. யூதர்களைப் பற்றிய ஆய்வுகளை நான் ஒப்பீட்டுக்காகத் தொடர்ந்து படித்து வருகிறேன், ஏன் என்பது பின்னால் வரும். எனக்கு எபிரேயம் தெரியாது, வரலாற்றாசிரியனும் இல்லை. கல்வெட்டு, செப்பேடு பற்றி நான் சொல்வது படித்தறிந்தது, டி.என்.ஏ. பற்றிச் சொல்வது தொழிலில் அறிந்தது. இரண்டையும் ஒரே எடையில் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

முதலில் ‘ஒரே வம்சம்’ என்ற சொல்லைப் பிரித்துக்கொள்ள வேண்டும். நம் ஊரில் இதற்குத் தெளிவான சொற்கள் உண்டு. பங்காளி என்றால் அப்பா வழி; ஒரே குலதெய்வம், ஒரே தீட்டு. மாமன் மச்சான் என்றால் கொள்வினை கொடுப்பினையால் வந்த உறவு. மரபணுவிலும் அப்படித்தான். ஒய் குரோமோசோம் அப்பாவிடமிருந்து மகனுக்கு மட்டும் போவது, சுத்தமான பங்காளி வழி. மைட்டோகாண்ட்ரியாவின் டி.என்.ஏ. அம்மா, அம்மாச்சி, அவருடைய அம்மா என்று பெண் வழியாக மட்டும் வருவது. இந்த இரண்டும் சேர்ந்தாலும் மொத்த டி.என்.ஏ.வில் ஒரு சிறு ஓரம்தான். மீதி முழுவதும் எல்லா முன்னோரிடமிருந்தும் கலந்து வந்தது. பத்துத் தலைமுறை பின்னால் போனால் உங்களுக்கு 1,024 முன்னோர் இடங்கள் இருக்கும். ஒய் குரோமோசோம் அதில் ஒரே ஒருவரைப் பற்றித்தான் பேசும். யூதர் விஷயத்தில் இணையத்தில் நடக்கும் சண்டைகளில் பாதி, ஒருவர் பங்காளி வழியை வைத்தும் மற்றவர் அம்மா வழியை வைத்தும் பேசுவதால் வருவது. இருவர் சொல்வதும் சரியாகவே இருக்கலாம்.

பங்காளி வழிக் கதை சுவாரசியமானது. யூதர்களில் கோஹன் என்றொரு குருக்கள் குலம் உண்டு. மோசேயின் அண்ணன் ஆரோனின் ஆண் வாரிசுகள் என்பது மரபு. நம் கோத்திரம் மாதிரி அப்பாவிடமிருந்து மகனுக்கு இறங்குவது. கார்ல் ஸ்கோரெக்கி என்ற சிறுநீரக மருத்துவர் ஒரு கோஹன். கிழக்கு ஐரோப்பிய வம்சாவளி. ஒருநாள் வழிபாட்டில் வட ஆப்பிரிக்க யூதர் ஒருவரைக் கோஹன் என்ற முறையில் வேதம் வாசிக்க அழைக்கிறார்கள். தோற்றத்தில் இருவருக்கும் ஒற்றுமையே இல்லை. மரபு சொல்வது உண்மை என்றால் எனக்கும் இவருக்கும் ஒரே ஒய் குரோமோசோம் இருக்க வேண்டுமே என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. அரிசோனா பல்கலைக்கழகத்தின் மைக்கேல் ஹாமருடன் சேர்ந்து 1997-இல் வெளியிட்ட சிறு கட்டுரை அப்படிப் பிறந்ததுதான். அடுத்த ஆண்டு வந்த ஆய்வில் அஷ்கெனாசி கோஹன்களில் சுமார் 45 சதவீதம் பேரும், ஸ்பெயின், போர்ச்சுகல் வழி வந்த செஃபார்டி கோஹன்களில் சுமார் 56 சதவீதம் பேரும் ஒரே ஒய் கையொப்பத்தை, அதாவது ஒய் குரோமோசோமில் ஒரே மாதிரியான குறிகளைச் சுமந்தார்கள். இரு பக்கமும் பல நூற்றாண்டுகள் தனித்தனி நாடுகளில் வாழ்ந்த கூட்டங்கள். இது தற்செயலாக வர வாய்ப்பில்லை.

இங்கேதான் பத்திரிகைகள் ‘ஆரோனின் மரபணு கிடைத்தது’ என்று துள்ளின. அது மிகை. அந்தக் கையொப்பம் ஆறே ஆறு குறிகளை வைத்து எடுத்தது. அவ்வளவு தளர்வான அடையாளம் மேற்காசியாவில் யூதரல்லாத பலரிடமும் கிடைத்தது. 2009-இல் குறிகளைக் கூட்டி மறுபடி பார்த்தபோது கோஹன்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் ஒய் குரோமோசோம் வம்ச மரத்தின் ஜே1 என்ற கிளையின் ஒரு பிரிவில் நின்றார்கள், மீதிப்பேர் பல வேறு கிளைகளில். அந்த ஜே1 பிரிவு அரபு மக்களிடமும் ஏராளம். ஆக, கோஹன்களில் பெரும் பகுதியினர் யூதர்கள் நாடு நாடாகப் பிரிவதற்கு முன் வாழ்ந்த ஒரு மேற்காசிய ஆணின் வாரிசுகள் என்பது வரை உறுதி. அந்த ஆளின் பெயர் என்ன என்று எந்த ஆய்வகமும் சொல்ல முடியாது.

லேவியர் என்ற இன்னொரு குலத்தின் கதை எங்களைப் போன்றவர்களுக்கு நல்ல பாடம். 2003-இல் அஷ்கெனாசி லேவியரில் பாதிக்கு மேல் ஆர்1ஏ என்ற கிளை தெரிந்தது. ஆர்1ஏ என்றால் கிழக்கு ஐரோப்பாவில் கொட்டிக் கிடப்பது. எனவே ஸ்லாவியரோ கஸாரோ உள்ளே நுழைந்திருக்கிறார் என்று அப்போது எழுதினார்கள். அதை எழுதியவர்கள் திறமையானவர்கள்தான். அவர்களிடமிருந்த கருவி மொண்ணை. பத்து வருடம் கழித்து அந்தக் கிளையை இன்னும் நுணுக்கமாகப் பிரித்துப் பார்த்தபோது லேவியருடையது கிழக்கு ஐரோப்பியரிடம் இல்லாத உட்கிளை, ஈரான் போன்ற மேற்காசியப் பகுதிகளில் கிடைப்பது என்று தெரிந்தது. முடிவு தலைகீழானது. ‘ஆர்1ஏ என்றால் இன்னார்’ என்று நம் ஊரிலும் அடித்துப் பேசுகிறவர்கள் உண்டு. அவர்களிடம் எந்த உட்கிளை என்று கேளுங்கள்.

அம்மா வழிக்கு வந்தால் படம் மாறுகிறது. 2006-இல் டோரோன் பெஹார் குழு கண்டது: அஷ்கெனாசி யூதர்களில் ஏறத்தாழ 40 சதவீதம் பேர், அதாவது 35 லட்சம் பேர், நான்கே நான்கு பெண்களின் பெண் வழி வாரிசுகள். நான்கு பேர் மட்டுமே அன்று இருந்தார்கள் என்று இதற்குப் பொருள் கிடையாது. மற்றவர்களின் பெண் வழி அங்கங்கே அறுந்துபோய் இவர்களுடையது பெருகியது. அந்த நால்வரும் எங்கிருந்து வந்தவர்கள் என்பதில்தான் வழக்கு. பெஹார் மேற்காசியா என்றார். 2013-இல் மார்ட்டின் ரிச்சர்ட்ஸ் குழு, இல்லை, ஐரோப்பாவிலேயே பெண் எடுத்திருக்கிறார்கள் என்றது. இரு தரப்பும் இன்னும் விட்டுக்கொடுக்கவில்லை. என் கணிப்பைக் கேட்டால், அம்மா வழியில் ஐரோப்பியப் பங்கு அப்பா வழியில் இருப்பதைவிட அதிகம் என்பதில் எனக்குச் சந்தேகம் குறைவு. இந்தக் குறிப்பிட்ட நால்வர் பற்றி மட்டும் பந்தயம் கட்ட மாட்டேன். வியாபாரத்துக்குக் கப்பலேறிப் போன ஆண்கள் போன இடத்தில் பெண் கட்டுவது உலக வழக்கம். இன்று அம்மா யூதராக இருந்தால்தான் பிள்ளை யூதர் என்ற சட்டம் இருக்கிற சமூகத்தில் இப்படி வருவது விசித்திரமாகத் தோன்றலாம். மதம் மாறி வந்த பெண் அந்தச் சட்டப்படி முழு யூதர் என்பதால் அதில் முரண் ஏதும் இல்லை.

இனி மொத்த மரபணு. 2010-இல் ஒரே சமயத்தில் இரண்டு பெரிய ஆய்வுகள் வந்தன. ஒன்று பெஹார் குழுவினது: 14 யூதச் சமூகங்கள், ஒப்பிட 69 யூதரல்லாத மக்கள் குழுக்கள். ஒவ்வோர் ஆளும் ஒரு புள்ளி. மரபணு நெருங்கினால் புள்ளி நெருங்கும். அந்தப் படத்தை முதன்முதலில் திரையில் பெரிதாக்கிப் பார்த்தது நினைவிருக்கிறது. போலந்து, மொராக்கோ, துருக்கி, ஈராக், ஈரான் யூதர்கள் ஒருவர் மேல் ஒருவர் அடைந்து கிடந்தார்கள், தாங்கள் பல நூற்றாண்டு வாழ்ந்த நாட்டு மக்களைவிட்டு விலகி, லெபனான், இஸ்ரேல் பக்கத்து ட்ரூஸ் மக்களுக்கும் சைப்ரஸ்காரர்களுக்கும் பக்கத்தில். அந்தக் குவியலுக்குள்ளேயும் ஒரு பிளவு உண்டு. ஈரான், ஈராக் யூதர்கள் ஒரு பக்கம்; ஐரோப்பா, சிரியா யூதர்கள் மறு பக்கம். இந்தப் பிளவு சுமார் 2,500 ஆண்டுப் பழையது என்று அந்த இரண்டாவது ஆய்வு கணித்தது. பாபிலோனியர் யூதர்களைச் சிறைபிடித்துப் போன காலத்தோடு அது பொருந்துகிறது. ஆனால் இந்த மாதிரி ஆண்டுக்கணக்குகளில் பல நூறு ஆண்டு முன்பின் இருக்கும், பொருத்தத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். எத்தியோப்பிய யூதர்கள் எத்தியோப்பியர் பக்கத்திலும், இந்திய யூதர்கள் இந்தியர் பக்கத்திலும் தனியே நின்றார்கள். யேமன் யூதர்கள் அரேபியத் தீபகற்பத்தாரோடு நெருங்கி நின்றார்கள்.

புள்ளிப் படத்தைவிட எனக்கு நம்பிக்கை தருவது வேறொன்று. ஓலைச்சுவடி வேலை செய்தவர்களுக்கு இது உடனே புரியும். உ.வே.சா. போன்றவர்கள் ஒரே நூலின் பல ஏடுகளை வைத்துக்கொண்டு பாட பேதம் பார்ப்பார்கள். இரண்டு ஏடுகளில் ஒரே எழுத்துப்பிழை, அதன் முன்னும் பின்னும் உள்ள சின்னப் பிழைகளும் ஒன்றே என்றால் இரண்டும் ஒரே மூல ஏட்டிலிருந்து பெயர்த்தெழுதியவை. ஒரு பிழை மட்டும் ஒத்துப்போய்ச் சுற்றியுள்ள பாடம் வேறாக இருந்தால், இரண்டு எழுத்தர்கள் தனித்தனியாகத் தடுமாறியிருக்கிறார்கள். மரபணுவிலும் அதே கணக்கு. ரத்தம் உறைவதற்கான ‘காரணி 11’ குறைபாட்டை உண்டாக்கும் ஒரு பிறழ்வு, அதாவது ஒரு மரபணு எழுத்துப்பிழை, அஷ்கெனாசி யூதரிடமும் ஈராக் யூதரிடமும் பரவலாக உண்டு. சுற்றியுள்ள பாடமும் ஒன்றே. பாக்தாதும் வார்சாவும் ஒரே ஏட்டிலிருந்து பெயர்த்தவை என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது.

இதன் மறுபக்கம் நம் வீட்டு வாசலில் இருக்கிறது. பி.ஆர்.சி.ஏ.1 என்ற மரபணுவில் 185டெல்ஏஜி என்றொரு பிறழ்வு. மார்பகப் புற்று, சூலகப் (சினைப்பை) புற்று ஆபத்தை மிகவும் கூட்டுவது. ‘யூதப் பிறழ்வு’ என்றே பெயர் வாங்கியது. இதே பிறழ்வு தென்னிந்திய நோயாளிகளிடமும் கிடைக்கிறது. முதன்முதலில் ஓர் அறிக்கையில் இதைப் பார்த்த இளைய மருத்துவர் ஒருவர் என்னைக் கூப்பிட்டு, “சார், இந்தக் குடும்பத்துல யாராவது யூதர் இருந்திருப்பாங்களா?” என்று கேட்டார். இந்தியாவிலும் மலேசியாவிலும் யூதரல்லாத குடும்பங்களில் சுற்றுப்பாடத்தைப் பார்த்த ஆய்வுகள் அது வேறு என்று காட்டியிருக்கின்றன. இரண்டு எழுத்துகள் விழுந்துபோகும் இந்தப் பிழை உலகில் ஒரு தடவைக்கு மேல் நடந்திருக்கிறது, அவ்வளவுதான். கேள்வி கேட்டவர் இதை மனதில் வைத்துக்கொள்ளட்டும்.

அஷ்கெனாசி யூதர்களிடம் இத்தனை பரம்பரை நோய்கள் ஏன் என்று பலருக்கும் தோன்றும். காரணம் அவர்கள் ஒரு காலத்தில் மிகச் சிறிய கூட்டமாகச் சுருங்கியது. 2014-இல் 128 பேரின் முழு மரபணுவைப் படித்த ஷாய் கார்மி குழு, 25 முதல் 32 தலைமுறைக்கு முன் அந்தக் கூட்டத்தின் அளவு சுமார் 350 பேர் என்று கணக்கிட்டது. இந்த 350 என்பது தலையை எண்ணிய கணக்கு கிடையாது. இன்றைய பன்முகத்தன்மையை உண்டாக்கத் தேவையான அளவு என்று எடுத்துக்கொள்ளுங்கள். நிஜத்தில் ஊரில் இருந்தவர்கள் கூடுதலாக இருந்திருப்பார்கள். அந்தச் சிறு கூட்டம் பிறகு பல லட்சமாகப் பெருகியபோது அதிலிருந்த சில கெட்ட பிறழ்வுகளும் சேர்ந்து பெருகின. குழந்தைகளைச் சில வருடங்களில் கொன்றுவிடும் டே-சாக்ஸ் நோயின் பிறழ்வை ஏறக்குறைய 30 பேரில் ஒருவர் சுமக்கிறார். அப்பா அம்மா இருவரும் சுமந்தால்தான் பிள்ளைக்கு நோய் வரும். இன்று முன்பின் தெரியாத இரண்டு அஷ்கெனாசிகளை ஒப்பிட்டாலும் நான்காவது ஐந்தாவது தலைமுறைச் சொந்தம் போல டி.என்.ஏ. துண்டுகள் ஒத்துப்போகும். இதனாலேயே சோதனை நிறுவனங்களின் ‘உறவினர் பட்டியல்’ அவர்களுக்கு ஆயிரக்கணக்கில் நீளும்.

இந்த நோய்க்கு அவர்கள் கண்ட வழி நமக்கு வேடிக்கையாகவும் பழக்கமானதாகவும் தெரியும். நான்கு குழந்தைகளை டே-சாக்ஸில் இழந்த யோசஃப் எக்ஸ்டைன் என்ற ரபி (யூத மதகுரு) 1980-களில் நியூயார்க்கில் டோர் யெஷோரிம் என்ற அமைப்பைத் தொடங்கினார். பள்ளி வயதிலேயே ரத்தம் எடுத்து ஓர் எண் கொடுத்துவிடுவார்கள். முடிவைச் சொல்ல மாட்டார்கள். சம்பந்தம் பேசும்போது இரண்டு எண்களையும் சொன்னால் பொருந்தும், பொருந்தாது என்று பதில் வரும். பத்துப் பொருத்தம் பார்க்கிற நமக்கு இது பதினோராவது. சிரிப்பதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. 2017-இல் தெற்காசியாவின் 263 குழுக்களைப் பார்த்த ஓர் ஆய்வில், 81 குழுக்கள் அஷ்கெனாசிகளைவிடக் கடுமையாகச் சுருங்கிய சிறு கூட்டங்களிலிருந்து வந்தவை என்று தெரிந்தது. அதில் 14 குழுக்கள் ஒவ்வொன்றிலும் இன்று பத்து லட்சத்துக்கு மேல் மக்கள். நான் யூதர் ஆய்வுகளை விடாமல் படிப்பதற்கு இதுதான் காரணம். அவர்கள் கண்டுபிடித்துச் சோதனை வைத்துவிட்டார்கள்; நாம் சாதிக்குள்ளேயே கட்டிக்கொடுத்துவிட்டுப் பிறகு மருத்துவமனை வாசலில் நிற்கிறோம்.

பழைய எலும்புகள் பேச ஆரம்பித்தது சமீபத்தில்தான். ஜெர்மனியின் எர்ஃபுர்ட் நகரில் இடைக்கால யூதக் கல்லறை மேல் பிற்காலத்தில் தானியக் கிடங்கு கட்டியிருந்தார்கள். அதை வண்டி நிறுத்துமிடமாக மாற்றுவதற்கு முன் 2013-இல் தோண்டியபோது கல்லறைகள் வெளியே வந்தன. யூத மரபில் இறந்தவரைக் கலைப்பது பெரிய குற்றம். உள்ளூர்ச் சமூகத்தின் சம்மதத்தோடு தாடையிலிருந்து தானாகக் கழன்று கிடந்த பற்களை மட்டும் ஆய்வுக்கு எடுத்தார்கள். அந்தப் பற்களிலிருந்து 14-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த 33 பேரின் டி.என்.ஏ. கிடைத்தது, 2022-இல் முடிவு வந்தது. அவர்கள் இன்றைய அஷ்கெனாசிகளின் நேர் முன்னோர் கூட்டத்தார். சுருங்கிய அடையாளம் அப்போதே இருந்தது. 33 பேரில் மூன்றில் ஒரு பங்கினர், மேலே சொன்ன நான்கு அம்மாக்களில் ஒருத்தியின் பெண் வழியில் வந்தவர்கள். ஆனால் அந்த ஒரே கல்லறைக்குள் இரண்டு தினுசு இருந்தது. ஒரு சாராரிடம் மேற்காசியப் பங்கு கூடுதல், மற்றவரிடம் கிழக்கு ஐரோப்பியப் பங்கு கூடுதல். 1349-இல் எர்ஃபுர்ட் யூதர்களைக் கொன்று துரத்திவிட்டு, சில ஆண்டுகளில் மறுபடி குடியேற அனுமதித்தார்கள். திரும்பக் குடியேறியவர்கள் பல திசைகளிலிருந்து வந்தவர்கள் என்று பார்த்தால் அது பொருந்தும். இன்று அந்த இரண்டு தினுசும் கரைந்து ஒன்றாகிவிட்டன.

அதே 2022-இல் இங்கிலாந்தின் நாரிச்சிலிருந்து இன்னொரு செய்தி. 2004-இல் கடைவளாகம் கட்டத் தோண்டியபோது பழைய கிணறொன்றில் குறைந்தது 17 பேரின் எலும்புகள் கிடைத்திருந்தன. பெரும்பாலும் குழந்தைகள். தலைகீழாகப் போட்டிருந்தார்கள். ஆறு பேரின் டி.என்.ஏ.வைப் படிக்க முடிந்தது. மூவர் உடன்பிறந்த சகோதரிகள். ஒரு சின்னப் பையனுக்கு நீலக் கண், செம்பட்டை முடி. அஷ்கெனாசிகளுக்கே உரிய நோய்ப் பிறழ்வுகள் அவர்களிடமும் இருந்தன. காலம் 1190-இல் அங்கே நடந்த யூதப் படுகொலையோடு ஒத்துப்போகிறது. ஆகவே சுருங்கல் 12-ஆம் நூற்றாண்டுக்கு முன்பே தொடங்கிவிட்டது என்றாகிறது. 25 தலைமுறை என்ற கணக்கைக் கொஞ்சம் பின்னால் தள்ள வேண்டியிருக்கும்.

அஷ்கெனாசிகளில் எத்தனை சதவீதம் மேற்காசியா, எத்தனை சதவீதம் ஐரோப்பா? தோராயமாகப் பாதிக்குப் பாதி என்று பல ஆய்வுகள் சொல்லும், ஐரோப்பியப் பாதியில் பெரும்பங்கு இத்தாலி போன்ற தெற்கு ஐரோப்பா. ஆனால் இந்த எண்ணை யாரும் கல்லில் செதுக்க வேண்டாம். தென் இத்தாலியரிடமே கிழக்கு மத்தியதரைக் கடல் ரத்தம் பழங்காலத்திலிருந்து நிறையக் கலந்திருக்கிறது. கணக்கீட்டு மாதிரியில் தென் இத்தாலியரை மூலமாக வைத்தால் ‘ஐரோப்பா’ எகிறும். வட இத்தாலியரை வைத்தால் ‘மேற்காசியா’ எகிறும். குழம்பில் உப்பு எவ்வளவு என்று கேட்டால், புளியிலேயே உப்புப் போட்டு வைத்திருந்த வீட்டில் என்ன பதில் சொல்வது? கலவை உண்டு என்பது உறுதி. விகிதம் நீங்கள் எதை மூலமாக வைக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

நண்பரின் கஸார் கதைக்கு வருகிறேன். காக்கசஸ் மலைக்கு வடக்கே கஸார் பேரரசு இருந்தது, அதன் மேல்தட்டு யூத மதத்தைத் தழுவியதாக இடைக்காலக் குறிப்புகள் சொல்கின்றன. 10-ஆம் நூற்றாண்டில் அது உடைந்தது. அந்த மக்கள்தான் மேற்கே போய் அஷ்கெனாசிகள் ஆனார்கள் என்பது கருதுகோள். 2013-இல் எரான் எல்ஹைக் இதற்கு மரபணு ஆதரவு உண்டு என்று எழுதினார். ஆனால் கஸார்களுக்குப் பதிலாளாக அவர் வைத்தது ஜார்ஜியரையும் ஆர்மீனியரையும். இருவரும் காக்கசஸுக்குத் தெற்கே, மேற்காசியரோடு இயல்பாகவே நெருங்கியவர்கள். அவர்களோடு ஒத்துப்போகும் எந்த மேற்காசியக் கூட்டத்தையும் இந்த முறையில் ‘கஸார்’ ஆக்கிவிடலாம். அதே ஆண்டு பெஹார் குழு 1,774 பேரின் தரவை, கஸார் நிலப்பரப்பில் இன்று வாழும் மக்களையும் சேர்த்து, ஒப்பிட்டது. தனிப்பட்ட நெருக்கம் எதுவும் தென்படவில்லை. யாரோ ஒரு கஸார் எங்கோ ஒரு குடும்பத்தில் கலந்திருக்கவே முடியாது என்று நான் சொல்ல மாட்டேன். அஷ்கெனாசிகள் மொத்தமாகக் கஸார்கள் என்ற கதைக்கு மட்டும் தரவில் இடமில்லை.

இந்தியாவுக்கு வருவோம். கொங்கணக் கடற்கரையின் பெனே இஸ்ரேல் மக்கள் எண்ணெய்ச் செக்கு ஆட்டியவர்கள். சனிக்கிழமை செக்கை நிறுத்துவதால் ‘சனிவார் தேலி’ என்று ஊரார் அழைத்தார்கள். கப்பல் உடைந்து கரையேறிய ஏழு ஆண்களும் ஏழு பெண்களும் தங்கள் முன்னோர் என்பது அவர்கள் மரபு. 2016-இல் வந்த ஆய்வு அந்தக் கதைக்குப் பாதி ஆதரவு தருகிறது. யூதக் கூட்டங்களோடு அவர்களுக்கு மெய்யான உறவு உண்டு. ஆனால் அது பெரும்பாலும் ஆண்கள் வழியாக வந்தது, பெண்கள் பெரும்பாலும் உள்ளூர்க்காரர்கள். கலப்பு 650 முதல் 1,050 ஆண்டுகளுக்கு முன் என்று கணக்கு.

கொச்சி யூதர்களுக்கும் அதே ஆண்டு ஆய்வு வந்தது. இந்திய ரத்தம், அதோடு யேமன், செஃபார்டி, மேற்காசிய யூதரின் பங்கு. அந்தக் கலப்புக்குக் கணித்த காலம் 470 முதல் 730 ஆண்டு முன். இதைப் படித்துவிட்டு ‘அப்படியென்றால் அவர்கள் வந்ததே 14-ஆம் நூற்றாண்டில்தான்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். தவறு. சேர மன்னன் பாஸ்கர ரவி, யூதத் தலைவர் ஜோசப் ரப்பானுக்கு அஞ்சுவண்ணம் என்ற வணிகக் குழுவின் உரிமைகள் தந்த வட்டெழுத்துச் செப்பேடு சுமார் கி.பி. 1000-ஐச் சேர்ந்தது. 849-இன் கொல்லம் தரிசாப்பள்ளிச் செப்பேட்டில் எபிரேய எழுத்தில் பாரசீக மொழியில் சாட்சிக் கையெழுத்துகளே இருக்கின்றன. மரபணு காட்டும் ஆண்டு கலப்பு நடந்த ஆண்டு. வந்து இறங்கிய ஆண்டை அது காட்டாது. அலை அலையாக ஆள் வந்து கலந்துகொண்டே இருந்தால் கணக்கு கடைசி அலைகளின் பக்கம் சாய்ந்துவிடும். வந்த காலத்துக்குச் செப்பேட்டையே நம்புங்கள்.

எத்தியோப்பியாவின் பெட்டா இஸ்ரேல் மக்களிடம் மற்ற யூதக் கூட்டங்களோடு தனியான மரபணு நெருக்கம் பெரிதாகத் தெரியவில்லை. அக்கம்பக்கத்து எத்தியோப்பியரைப் போலவே இருக்கிறார்கள். மிகப் பழங்காலத்தில் சிலர் வந்து மதத்தைக் கொடுத்துவிட்டு மரபணுவில் கரைந்திருக்கலாம். அவர்கள் யூதரா என்பதை ரபிகளும் அந்தச் சமூகமும் முடிவு செய்வார்கள். யூதச் சட்டத்தில் மதம் மாறியவர் முழு யூதர். அங்கே ஒய் குரோமோசோமுக்கு வேலை இல்லை. இதே காரணத்தால் இஸ்ரேல்-பாலஸ்தீன நிலத்தகராறுக்கும் என்னிடம் பதில் இல்லை. கேட்டால் இவ்வளவு சொல்வேன்: 2020-இல் இஸ்ரேலின் மெகிட்டோ போன்ற இடங்களின் வெண்கலக் கால எலும்புகளைப் பார்த்த ஆய்வில், இன்றைய பெரும்பாலான யூதக் கூட்டங்களும், பாலஸ்தீனர் உட்பட அந்தப் பக்கத்து அரபு பேசும் மக்களும், பாதிக்கு மேல் அந்தப் பழைய மேற்காசிய மக்களைப் போன்றோரிடமிருந்து வந்தவர்களாகத் தெரிந்தார்கள். இருவருக்கும் அது பொது முன்னோர்.

கடைசியாக உங்கள் 1 சதவீதம். கொச்சி யூதர்கள் அஷ்கெனாசிகள் கிடையாது. உங்கள் கொள்ளுத்தாத்தா வழியில் கொச்சி மட்டாஞ்சேரி யூதரின் ரத்தம் வந்திருந்தால் நிறுவனத்தின் பட்டியலில் அது தென்னிந்தியர் கணக்கிலும், கொஞ்சம் மேற்காசியா, அரேபியா கணக்கிலும் விழுந்திருக்கும். போலந்துப் பெட்டியில் விழாது. ஆகவே குடும்பக் கதைக்கும் இந்த எண்ணுக்கும் தொடர்பில்லை. எண் மட்டும் மெய்யா என்றால், அஷ்கெனாசித் துண்டுகள் தனித்துத் தெரிவதால் நிறுவனங்கள் அதை மற்ற ஐரோப்பிய வகைகளைவிட நன்றாகவே அடையாளம் காண்கின்றன. ஆனாலும் 1 சதவீதம் என்பது வெறும் இரைச்சலாக, கணக்கீட்டுத் தடுமாற்றமாக இருக்க வாய்ப்பு அதிகம். உங்கள் கணக்கில் குரோமோசோம் படம் காட்டும் பக்கம் இருந்தால் திறந்து பாருங்கள். அந்த 1 சதவீதம் ஒரே நீளத் துண்டாக இருக்கிறதா, ஆறேழு பொடித் துண்டுகளாகச் சிதறியிருக்கிறதா? பொடி என்றால் விட்டுவிடுங்கள். ஒரே துண்டு என்றால் அப்பா, அம்மா இருவருக்கும் சோதனை செய்து அதே இடத்தில் அது நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். இருவரிடமும் இல்லையென்றால் நிறுவனம் பிழை செய்திருக்கிறது. யாரிடமாவது இருந்தால் படத்தோடு மறுபடி எழுதுங்கள், உட்கார்ந்து பார்ப்போம்.